எரிபொருளில் ஒரு சிட்டிகை உப்பு: கேஸ் டர்பைன் அரிமானம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்கரையை ஒட்டிய ஒரு மின் நிலையத்தில் 27 ஆண்டுகள் கேஸ் டர்பைன் பராமரிப்பில் இருந்துவிட்டு, சொந்த ஊரான காட்பாடிக்குத் திரும்பியிருக்கிறேன். கேஸ் டர்பைனில் கம்ப்ரஸர் காற்றை அழுத்தும், எரிகலனில் அந்தக் காற்றோடு எரிபொருள் எரியும், சூடான வாயு பிளேடுகளைத் தள்ளிச் சுழற்றும். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலிடெக்னிக் மாணவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வருவார்கள். ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை பார்ப்பவர்கள், ஆம்பூரில் தோல் பதனிடும் நண்பர்கள், விவசாயம் செய்யும் உறவினர்கள் என்று பலரும் வந்து கேட்பதுண்டு. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஐயா, அரிமானம் என்றால் துருப்பிடிப்பதுதானே? அவ்வளவு சூட்டில் தண்ணீரே இருக்காதே, எப்படித் துருப்பிடிக்கும்?

வீட்டு இரும்புக் கேட் துருப்பிடிக்க ஈரம் வேண்டும். ஈரத்தில் உப்பும் சேர்ந்தால் வேகம் கூடும். டர்பைன் பிளேடில் அந்த ஈரத்தின் இடத்தை உருகிய உப்பு பிடித்துக்கொள்கிறது. அதுதான் வித்தியாசம்.

பிளேடு நிக்கல் அல்லது கோபால்ட் கலவையால் ஆனது. அதன் மேல் குரோமியம் ஆக்சைடோ அலுமினியம் ஆக்சைடோ மெல்லிய தோலாகப் படர்ந்து உலோகத்தைக் காக்கிறது. எரிபொருளில் வந்த சோடியமும் கந்தகமும் தீயில் சேர்ந்து சோடியம் சல்பேட் ஆகின்றன. இது 884 டிகிரி செல்சியஸில் உருகும். மற்ற உப்புகள் கலந்தால் அதற்கும் கீழேயே உருகிவிடும். உருகிய உப்பு பிளேடின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்து, காக்கும் தோலைக் கரைக்கிறது. தோல் போனபின் கந்தகம் உலோகத்துக்குள் இறங்குகிறது. ஆலையில் இதை ஹாட் கொரோஷன் என்பார்கள். நான் தமிழில் சூட்டு அரிமானம் என்று எழுதுகிறேன். மாணவர்களுக்குப் புரிகிறது.

வெறும் சூட்டில் நடக்கும் ஆக்சிஜனேற்றம் வேறு. அது மெதுவானது, பிளேடின் ஆயுளைக் கணக்கிடும்போதே அதற்கு இடம் விட்டுவிடுவார்கள். சூட்டு அரிமானம் அந்தக் கணக்குக்குள் அடங்காது. பல ஆண்டு உழைக்க வேண்டிய பிளேடைச் சில மாதங்களில் தின்றுவிடும்.

வேலூர்ப் பக்கம் கேஸ் டர்பைன் எங்கே இருக்கிறது? நமக்கு எதற்கு இந்தப் படிப்பு?

தலையை உயர்த்தி வானத்தைப் பாருங்கள். பழைய வடஆற்காட்டைச் சேர்ந்த அரக்கோணத்தில், 1992 மார்ச்சில் தொடங்கப்பட்ட ஐஎன்எஸ் ராஜாளி கடற்படை விமானதளம் இருக்கிறது. அங்கிருந்து பறக்கும் பி-8ஐ கண்காணிப்பு விமானம் ஒவ்வொன்றிலும் இரண்டு ஜெட் எஞ்சின்கள். ஜெட் எஞ்சினும் கேஸ் டர்பைன்தான். ஹெலிகாப்டர்களை இயக்குவதும் அதுவே. சென்னை பேசின் பிரிட்ஜ் மின் நிலையத்தில் 30 மெகாவாட் டர்பைன்கள் நான்கு உண்டு. வழுதூர், குத்தாலம், திருமாக்கோட்டை நிலையங்கள் இயற்கை எரிவாயுவில் ஓடுபவை. 2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்த விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலை நகர்த்துவதும் நான்கு கேஸ் டர்பைன்களே. காட்பாடியிலிருந்து ரயிலேறிய பிள்ளைகள் இந்த இடங்களில் எல்லாம் வேலைக்குப் போகிறார்கள். படிப்பு வீணாகாது.

கந்தகம்தானே குற்றவாளி? பாரத் ஸ்டேஜ் 6 டீசல் வந்தபின் இந்தத் தொல்லை தீர்ந்திருக்க வேண்டுமே?

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படியே நம்பினேன். 2020 ஏப்ரல் முதல் நம் பங்க்குகளில் கிடைக்கும் டீசலில், கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது. அதற்கு முந்தைய பாரத் ஸ்டேஜ் 4 டீசலில் 50 வரை அனுமதி இருந்தது. ஊர்க் காற்றுக்கு இது பெரிய நன்மை. பிளேடுக்கு எவ்வளவு நன்மை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கிலோ எரிபொருளில் அரை மில்லிகிராம் சோடியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை முழுவதும் சோடியம் சல்பேட் ஆக்க 0.35 மில்லிகிராம் கந்தகம் போதும். நம் கையில் இருப்பதோ 10 மில்லிகிராம். தேவைக்கு 28 மடங்கு. எவ்வளவுதான் சுத்திகரித்தாலும், சோடியத்துக்குத் துணையாகும் அளவுக்குக் கந்தகம் மிஞ்சியே இருக்கும். விமான எரிபொருளின் தரநிலை 0.3 சதவீதம் வரை கந்தகத்தை அனுமதிக்கிறது. அப்படியிருந்தும் அந்த எஞ்சின்கள் பல்லாயிரம் மணி நேரம் ஓடுகின்றன. காரணம், அந்த எண்ணெயில் சோடியம் இல்லை என்றே சொல்லும்படி வடிகட்டிக் கொண்டுவந்து ஏற்றுகிறார்கள்.

கந்தகத்தைக் குறைத்துப் பிளேடைக் காப்பாற்ற முடியாது. சோடியத்தை உள்ளே விடாமல் காப்பாற்றலாம்.

எவ்வளவு சோடியம் இருந்தால் ஆபத்து?

டர்பைனுக்கான எண்ணெய்த் தரநிலைகளில், எரிகலனுக்குள் நுழையும் இடத்தில் சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து கிலோவுக்கு அரை மில்லிகிராம் என்ற வரம்பு பரவலாக இருக்கிறது. சில தயாரிப்பாளர்கள் ஒரு மில்லிகிராம் வரை ஒப்புக்கொள்வார்கள். இந்த எண்ணைச் சொன்னால் மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள், மனதில் நிற்காது. அதனால் டேங்கர் லாரிக் கணக்கில் சொல்வது என் வழக்கம்.

12,000 லிட்டர் பிடிக்கும் ஒரு டேங்கரில் சுமார் 10 டன் டீசல் இருக்கும். அதில் 5 கிராம் சோடியம் சேர்ந்தால் வரம்பு முடிந்தது. 5 கிராம் சோடியம் என்பது 13 கிராம் சமையல் உப்பு. ரசத்துக்குப் போடும் இரண்டு தேக்கரண்டி. கடல் நீராக வந்தால் அரை லிட்டருக்கும் குறைவு. நீங்கள் குடிக்கக் கொண்டுபோகும் பாட்டிலில் பாதி அளவு கடல் நீர், ஒரு டேங்கர் டீசலை டர்பைனுக்கு ஆகாததாக்கிவிடும். லாரி ஓட்டுநருக்கு இது தெரியாது. டேங்கைக் கழுவும் பையனுக்கும் தெரியாது. தெரிய வேண்டியவர்கள் அவர்கள்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. 30 மெகாவாட் எந்திரம் முழுச் சுமையில் நாளொன்றுக்குச் சுமார் 200 டன் எண்ணெய் குடிக்கும். வரம்புக்குள்ளேயே இருந்தாலும் 100 கிராம் சோடியம், அதாவது கால் கிலோ உப்பு, தினமும் பிளேடுகளைக் கடந்து போகிறது. பெரும்பகுதி புகையோடு வெளியேறிவிடும். ஒட்டிக்கொள்ளும் சிறு பகுதிதான் வேலையைக் காட்டுகிறது.

சுத்திகரிப்பு ஆலையில் பரிசோதித்து அனுப்பும் எண்ணெயில் உப்பு எப்படி வருகிறது?

ஆலையிலிருந்து கிளம்பும்போது நாஃப்தா என்ற லேசான எண்ணெயிலும் டீசலிலும் சோடியம் பெரும்பாலும் இருக்காது. கப்பல், குழாய், ரயில் வேகன், டேங்கர் லாரி, கடைசியாக நம் சொந்தத் தொட்டி என்று வழியில்தான் சேர்கிறது. என் அனுபவத்தில் மோசமானது நம் சொந்தத் தொட்டிதான். அதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

நான் வேலை பார்த்த நிலையத்தில் ஒரு முறை எந்திரத்தைப் பிரிக்காமல் உள்ளே பார்க்க உதவும் போரோஸ்கோப் கருவியை வைத்துப் பார்த்தபோது, முதல் வரிசை பிளேடுகளின் முன்விளிம்பில் பச்சை சாயலோடு கொப்புளங்கள் தெரிந்தன. நிக்கல் ஆக்சைடின் நிறம் அது. விரலால் தேய்த்தால் உதிரும் அளவுக்கு மேல்பூச்சு உப்பியிருந்தது. கடற்கரை என்பதால் எல்லோரும் கடல் காற்றைக் குறை சொன்னார்கள். காற்று வடிகட்டிகளை மாற்ற ஏற்பாடு நடந்தது. கம்ப்ரஸரில் படிந்திருந்த அழுக்கைச் சோதித்தபோது அதில் சோடியம் மிகக் குறைவு. காற்றில் உப்பு வந்திருந்தால் முதலில் கம்ப்ரஸரில் அல்லவா படிந்திருக்கும்?

பிறகு தொட்டிக்குப் போனோம். தினமும் காலையில் தொட்டியின் அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்து பார்ப்பது வழக்கம். எண்ணெய்தான் வரும். 'தண்ணீர் இல்லை' என்று பதிவேட்டில் எழுதிவிடுவோம். எழுதியவர்களில் நானும் ஒருவன். தொட்டியின் அடித்தகடு பல ஆண்டுகளில் நடுவே இறங்கிவிட்டது. வடிகுழாயின் வாய் அதற்கு மேலே நின்றது. மேல்வாசல் வழியாக அளவுக்கோலில் நீர் காட்டும் பசையைத் தடவி இறக்கியபோது, ஒரு சாணுக்கு நிறம் மாறி வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு தொட்டியைக் கழுவப் போர்வெல் தண்ணீரைப் பயன்படுத்தி, முழுதாக வற்றவிடாமல் எண்ணெயை நிரப்பியிருக்கிறார்கள். கடற்கரைப் போர்வெல், வாயில் வைக்க முடியாத உப்பு. இருப்பு நிறைய இருந்தவரை தண்ணீர் அடியிலேயே கிடந்தது. ஒரு கோடையில் எண்ணெய் வரத்துக் குறைந்து மட்டம் இறங்கியபோது, உறிஞ்சுகுழாய் அடித்தண்ணீரைக் கலக்கி இழுத்துவிட்டது.

அந்தப் பிளேடுகளின் விலையை இங்கே எழுத மனம் வரவில்லை. அந்த அடித்தண்ணீரைத் துடைத்து எடுத்திருந்தால் போதும்.

பாலாற்றங்கரையில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பேறியிருக்கிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் சோடியம் உள்ள போர்வெல் தண்ணீர் என்றால், டேங்கரில் 10 லிட்டர் தங்கினாலே மேலே சொன்ன 5 கிராம் வந்துவிடும். இந்தத் தண்ணீரில் எரிபொருள் தொட்டியையோ டேங்கரையோ கழுவினால், கடைசியாக ஒரு முறை கனிமம் நீக்கிய நீரில் அலசிக் காயவிடுங்கள்.

அப்படியானால் கடல் காற்றால் கெடுதலே இல்லையா?

உண்டு, நிச்சயம் உண்டு. ஒரு கிலோ எண்ணெய் எரிய டர்பைன் சுமார் 50 கிலோ காற்றை உள்ளே இழுக்கிறது. அதனால் ஒரு டன் காற்றில் 10 மில்லிகிராம் சோடியம் இருந்தாலே, எண்ணெயில் அரை மில்லிகிராம் இருப்பதற்குச் சமம். கடலுக்கு மேலே தாழப் பறக்கும் விமானங்களின் எஞ்சின்களை நல்ல தண்ணீரில் கழுவுவது இதற்காகவே. வேலூர் கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதால் காற்றில் உப்பு குறைவு. தோல் ஆலைகளில் தோலின் உப்பை உதறும் இடத்துக்குப் பக்கத்தில் காற்று வாசல் வைத்தால் மட்டும் கதை மாறும். நல்ல வடிகட்டி இருந்தும் பிளேடு கெட்டால், எண்ணெயைச் சந்தேகியுங்கள்.

எங்கள் பாய்லரில் ஃபர்னஸ் ஆயில் எரிக்கிறோம். மலிவாகத்தானே இருக்கிறது, டர்பைனில் எரித்தால் என்ன?

சிப்காட்டிலிருந்து வரும் நண்பர்கள் கேட்பது. கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் அடியில் தங்குவதுதான் ஃபர்னஸ் ஆயில். கச்சாவில் இருந்த உலோகங்கள் எல்லாம் அந்த வண்டலில் திரண்டு நிற்கும். அவற்றில் கொடியது வனேடியம். டர்பைனுக்குக் கிலோவுக்கு அரை மில்லிகிராம்தான் வரம்பு. கனமான எண்ணெய்களில் பத்துக்கணக்கிலிருந்து சில நூறு மில்லிகிராம் வரை இருக்கும். வெனிசுவேலாக் கச்சா இதில் பேர்போனது.

வனேடியம் எரிந்து வரும் ஐந்தாக்சைடு 700 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். சோடியமும் சேர்ந்தால் உருகுநிலை 600-க்கும் கீழே இறங்கும். உங்கள் பாய்லர் குழாய்க்குள் தண்ணீர் கொதிப்பதால் குழாய்ச் சுவர் குளிர்ச்சியாகவே இருக்கிறது. சாம்பல் அதன் மேல் உருகாமல் தூளாக விழுகிறது. பிளேடு அப்படியா? உலைச் சட்டியில் வைத்த இரும்பு மாதிரி சிவந்து நிற்கும். உருகிய வனேடியச் சாம்பல் அதில் ஒட்டி, ஆக்சிஜனைச் சுமந்து உள்ளே கொண்டுபோகும் கூலியாளாக வேலை செய்கிறது.

சோடியத்துக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. சோடியம் தண்ணீரில் கரைந்து வருவது. எண்ணெயில் நல்ல தண்ணீர் கலந்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிப் பிரித்தால் அதோடு போய்விடும். வனேடியம் எண்ணெயின் மூலக்கூறுக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கிறது. எத்தனை முறை கழுவினாலும் போகாது.

வனேடியத்துக்கு மருந்தே இல்லையா?

மக்னீசியம். எடையில் ஒரு பங்கு வனேடியத்துக்கு மூன்று பங்கு மக்னீசியம் என்பது வழக்கமான அளவு. எரியும்போது இரண்டும் சேர்ந்து மக்னீசியம் வனேடேட் ஆகும். அதன் உருகுநிலை 1,000 டிகிரிக்கு மேல் என்பதால் பிளேடில் திரவமாக நிற்காமல் காய்ந்த தூளாகப் படியும். பலன் உண்டு, விலையும் உண்டு. தூள் படியப் படிய காற்றின் பாதை அடைபட்டு மின் உற்பத்தி குறையும். அவ்வப்போது எந்திரத்தை நிறுத்தி, ஆறவைத்து, தண்ணீரில் கழுவ வேண்டும். எரிகலன் வெப்பத்தையும் குறைத்து ஓட்ட வேண்டும். மருந்தின் அளவில் ஒரு நாள் தவறினாலும் அன்றைய வனேடியம் உருகி ஒட்டிவிடும். எண்ணெயில் மிச்சம் பிடித்த பணம் கழுவலிலும் நிறுத்தத்திலும் போகிறதா என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்த பிறகே இதில் இறங்க வேண்டும்.

சுமையைக் குறைத்து, சூட்டைத் தணித்து ஓட்டினால் பிளேடு பிழைக்குமா?

உப்பு உருகாத அளவுக்குச் சூட்டைக் குறைத்தால் போதும் என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தார்கள். குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓடிய கப்பல் டர்பைன்களில் வேறு விதமான குழிகள் விழுவதை 1970-களில் கண்டபோது அந்த நினைப்பு உடைந்தது. சூட்டு அரிமானத்தில் இரண்டு வகை உண்டு. முதல் வகை 850 முதல் 950 டிகிரி வரை, பரவலாக அரிக்கும். இரண்டாம் வகை 650 முதல் 750 டிகிரியில். அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக விழும்.

884 டிகிரியில் உருகும் உப்பு 700 டிகிரியில் எப்படி அரிக்கிறது? பிளேடில் உள்ள கோபால்ட்டும் நிக்கலும் புகையிலுள்ள கந்தக மூவாக்சைடோடு சேர்ந்து அவையும் சல்பேட் ஆகின்றன. சோடியம் சல்பேட்டும் கோபால்ட் சல்பேட்டும் கலந்த கலவை 565 டிகிரியிலேயே உருகும். பனிக்கட்டியில் உப்பைத் தூவினால் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் கரைகிறதே, அதே தத்துவம். எண்ணெயில் கந்தகம் கூடுதலாக இருப்பது இந்த இரண்டாம் வகையில்தான் நன்றாக உறைக்கும். பிளேடின் அடிப்பகுதி, பிளேடு நிற்கும் மேடைக்குக் கீழுள்ள இடுக்கு போன்ற சூடு குறைந்த இடங்களில் இது ஒளிந்திருக்கும். போரோஸ்கோப் அங்கே எளிதில் எட்டாது. எந்திரத்தைப் பிரிக்கும்போது மறக்காமல் அங்கே பாருங்கள்.

நல்ல உலோகம், நல்ல பூச்சு போட்டால் மட்டமான எண்ணெயை எரிக்கலாமா?

குரோமியம் கூடினால் சூட்டு அரிமானத்தைத் தாங்கும் சக்தி கூடும். தரைநிலைய டர்பைன்களில் பெயர்பெற்ற ஐஎன்-738 என்ற நிக்கல் கலவையில் 16 சதவீதம் குரோமியம் இருக்கிறது. குரோமியத்தை மேலும் ஏற்றினால் உயர்சூட்டில் பிளேடின் வலு குறையும். வலுவுக்காகக் குரோமியத்தைக் குறைத்த கலவைகள் உப்புக்கு எளிதில் பலியாகும். அதனால் உள்ளே வலுவான கலவை, மேலே குரோமியமும் அலுமினியமும் இட்ரியமும் சேர்ந்த பூச்சு என்று பிரித்துச் செய்கிறார்கள்.

ராணிப்பேட்டைக்காரர்கள் குரோமியம் என்றாலே முகம் சுளிப்பார்கள். மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்றின் கழிவுக் குவியல் அங்கே நிலத்தடி நீரை எந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்பதைப் பார்த்தவர்கள் அவர்கள். பிளேடில் இருப்பது உலோகக் குரோமியம். தண்ணீரில் கரைந்து உடலைக் கெடுப்பது ஆறிணைத்திறக் குரோமியம். பெயர் ஒன்று, குணம் வேறு. மாணவர்களுக்கு இதைச் சொல்லாமல் அடுத்த பாடத்துக்குப் போக எனக்கு மனம் ஒப்புவதில்லை.

பூச்சு கால அவகாசம் தரும், அவ்வளவுதான். சூட்டைத் தடுக்கும் பீங்கான் பூச்சில் சிர்கோனியாவை (சிர்கோனியம் ஆக்சைடு) நிலைநிறுத்துவது இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு). வனேடியம் அந்த இட்ரியாவைத்தான் முதலில் பறிக்கும். பிறகு பூச்சு வெடித்து உதிரும்.

செப்புத் தகடு சோதனையில் எண்ணெய் தேறிவிட்டது. அது போதாதா?

போதாது. மெருகிட்ட செப்புத் தகட்டை எண்ணெயில் மூழ்கவைத்துச் சூடாக்கி நிறம் பார்க்கும் சோதனை அது. டீசலுக்கு 50 டிகிரியில் 3 மணி நேரம், விமான எரிபொருளுக்கு 100 டிகிரியில் 2 மணி நேரம். ஹைட்ரஜன் சல்பைடு போன்ற, குளிர்ந்த நிலையிலேயே செம்பைக் கடிக்கும் கந்தகப் பொருள்களை அது காட்டும். பம்புக்கும் வால்வுக்கும் அது தேவையான சோதனை. சோடியத்தையும் வனேடியத்தையும் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது. துளி அளவு உலோகத்தையும் அளந்து காட்டும் ஆய்வக அறிக்கையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். 'தேறியது' என்ற முத்திரை மட்டும் உள்ள சான்றிதழை ஏற்காதீர்கள், எண் வேண்டும்.

பயோடீசல் இயற்கையானது. உலோகமே இருக்காதே?

இருக்கும். தாவர எண்ணெயைப் பயோடீசலாக மாற்றச் சோடியம் அல்லது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்ந்த ஊக்கிகளைப் பயன்படுத்துகிறார்கள். கழுவியபின்னும் கொஞ்சம் மிஞ்சும். பயோடீசல் தரநிலைகள் இவ்விரண்டும் சேர்ந்து கிலோவுக்கு 5 மில்லிகிராம் வரை அனுமதிக்கின்றன. பஸ்ஸுக்கும் லாரிக்கும் அது சரி. டர்பைன் வரம்பைப் போல அது பத்து மடங்கு. தரநிலையில் தேறிய பயோடீசலே டர்பைனுக்குத் தேறாமல் போகலாம். பயோடீசல் ஈரத்தையும் சாதாரண டீசலைவிட அதிகமாக இழுக்கும். கலந்து எரிப்பதென்றால் கலவையைச் சோதித்த பிறகே எரியுங்கள்.

தோல் தொழிற்சாலைக் கழிவுநீரிலிருந்து கிடைக்கும் வாயுவைச் சிறு டர்பைனில் எரித்து மின்சாரம் எடுக்கலாமா?

ஆம்பூர் நண்பர் ஒருவர் ஆவலோடு கேட்டார். நல்ல எண்ணம்; வழியில் ஒரு முள் இருக்கிறது. தோலில் முடி நீக்கச் சோடியம் சல்பைடும் சுண்ணாம்பும் போடுகிறீர்கள். காற்றில்லாத தொட்டியில் நொதிக்கும்போது அந்தக் கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாக வாயுவோடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். மூச்சில் போனால் உயிரையே எடுக்கும். ஈரத்தோடு குழாயில் போனால் இரும்பை அரிக்கும். இரும்பு ஆக்சைடு படுகையிலோ கழுவு கோபுரத்திலோ அதை நீக்கி, வாயுவை உலர்த்தி, நுரையும் நீர்த்துளியும் சேர்ந்து வராமல் தடுத்தால் எரிக்கலாம். நீர்த்துளியைத் தடுப்பதை அலட்சியம் செய்யாதீர்கள். உப்பில் ஊறிய தோலின் கழிவுநீர் அது. ஒவ்வொரு துளியும் சோடியத்தைச் சுமந்து வரும்.

வேலூர் வெயிலால் அரிமானம் கூடுமா?

நேரடியாகக் கொஞ்சம்தான். காற்று சூடானால் அடர்த்தி குறைந்து எந்திரத்தின் மின் உற்பத்தி குறையும். பிளேடைக் குளிர்விக்கும் காற்றும் சூடாக வருவதால் உலோகத்தின் வெப்பம் சற்றே ஏறும்.

தொட்டியில்தான் வெயிலின் விளையாட்டு. பகலில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் தொட்டிக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறுகிறது. இரவில் சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் காற்று ஈரத்தோடு வந்து, குளிர்ந்த தகட்டில் வியர்த்து, எண்ணெய்க்குக் கீழே போய் நிற்கிறது. பாதி நிரம்பிய தொட்டி அதிகமாக மூச்சுவிடும். எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் கோட்டில் பூஞ்சை வளரும். கிருஷ்ணாயில் பூஞ்சை என்றே ஒரு வகைக்குப் பெயர் உண்டு. விமான இறக்கைக்குள் இருக்கும் தொட்டிகளில் இது வளர்ந்து அமிலம் கக்கி அலுமினியத்தை அரித்திருக்கிறது. வடிகட்டியில் பழுப்பு நிறச் சளி போல ஏதாவது சிக்கினால், தண்ணீர் நெடுநாளாக அங்கே இருக்கிறது என்று பொருள். மருந்து ஊற்றிப் பூஞ்சையைக் கொல்வது பாதி வேலை. தண்ணீரை எடுத்தால்தான் திரும்ப வராது.

எரிந்து வெளியேறும் புகை எதையாவது கெடுக்குமா?

கெடுக்கும். புகையில் உள்ள கந்தக மூவாக்சைடு, அந்தப் புகையின் சூட்டில் நீராவி எடுக்கும் வெப்பமீட்புக் கொதிகலனின் குளிர்ந்த கடைசிப் பகுதியில் கந்தக அமிலமாகப் படியும். எண்ணெயின் கந்தக அளவைப் பொறுத்து 120 முதல் 150 டிகிரிக்குக் கீழே இது நடக்கிறது. ராணிப்பேட்டை பெல் ஆலையில் காற்றுச் சூடேற்றிகள் செய்பவர்களிடம் கேளுங்கள். அதன் குளிர்முனைத் தகடுகள் ஏன் முதலில் கரைகின்றன என்று என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். இந்த இடத்தில் பாரத் ஸ்டேஜ் 6 டீசல் உண்மையிலேயே கைகொடுக்கிறது.

ஈயம், துத்தநாகம், கால்சியம் பற்றியும் சொல்லுங்கள்.

ஈயம் கலந்த பெட்ரோலை நாம் 2000-ல் கைவிட்டுவிட்டதால் அந்தக் கவலை குறைந்தது. முன்பு அதே டேங்கரில் பெட்ரோலும் நாஃப்தாவும் மாறி மாறி வந்தபோது தொல்லை இருந்தது. துத்தநாகம் முலாம் பூசிய குழாயிலிருந்து வரும். எரிபொருள் பாதையில் முலாம் குழாயும் செப்புக் குழாயும் வேண்டாம். செம்பு எண்ணெயைப் பிசினாக்கும். கால்சியம் அரிக்காது, கழுவினாலும் போகாத கெட்டிப் படிவமாக உட்காரும்.

என் தோட்டத்து டீசல் பம்புக்கும் இந்தக் கவலை வேண்டுமா?

வேண்டாம். பங்க்கில் வாங்கும் டீசலில் வனேடியம் பொருட்படுத்தும் அளவுக்கு இருக்காது. உங்கள் எஞ்சினின் உலோகம் அந்தச் சூட்டை எட்டுவதும் இல்லை. தண்ணீர் மட்டும் உங்களுக்கும் எதிரிதான், இன்ஜெக்டர் கெடும். கேனின் அடியில் இரண்டு விரல் அளவு எண்ணெயை விட்டுவிட்டு மேலே உள்ளதை ஊற்றுங்கள்.

தினசரி என்ன செய்ய வேண்டும் என்று ஒரே பதிலில் சொல்ல முடியுமா?

புதிதாக வந்த எண்ணெயை ஒரு நாளாவது அசையாமல் நிற்க விடுங்கள். அடித்தண்ணீரைத் தினமும் வடியுங்கள். வாரம் ஒரு முறையாவது மேலிருந்து அளவுக்கோலில் பசை தடவி இறக்கிப் பாருங்கள். எண்ணெயின் மேல்பரப்பிலிருந்து உறிஞ்சும் மிதவைக் குழாய் இருந்தால் மிக நல்லது. மட்டம் தாழ்ந்திருக்கும் நாள்களில் கூடுதல் கவனம் வேண்டும். லாரி வந்ததும் அதற்கு முன் என்ன ஏற்றியது, எங்கே கழுவியது என்று ஓட்டுநரிடம் மரியாதையாகக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் உண்மையைச் சொல்வார்.

சோடியம் சோதனைக்கு மாதிரி எடுக்கும்போது ஆய்வக அறிக்கை ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்றாக வருகிறது. ஏன்?

முதலில் பாட்டிலைப் பாருங்கள். தண்ணீர் தெரிகிறதா என்று கண்ணால் பார்க்கக் கண்ணாடிப் பாட்டில் நல்லது. சோடியம் அளக்க அது கூடாது, கண்ணாடியிலேயே சோடியம் இருக்கிறது. சுத்தமான பாலித்தீன் பாட்டில் எடுங்கள். குழாய் நீரில் அலசாதீர்கள். அதே எண்ணெயில் மூன்று முறை அலசிக் கொட்டுங்கள். அடுத்து, எடுப்பவரின் கையைப் பாருங்கள். மனித வியர்வையில் லிட்டருக்குச் சுமார் ஒரு கிராம் சோடியம் இருக்கும். 100 கிராம் மாதிரிக்குள் ஒரே ஒரு துளி வியர்வை விழுந்தால், சுத்தமான எண்ணெயும் கிலோவுக்கு அரை மில்லிகிராம் என்று வரம்பைத் தொட்டுக் காட்டும். சித்திரை மாத மத்தியானத்தில் தொட்டி மேல் ஏறி மாதிரி எடுக்காதீர்கள். விடியற்காலையில், கையுறை போட்டு, நெற்றியைத் துடைத்துவிட்டு எடுங்கள்.